பெயர் தொலைந்த படங்கள்

உங்கள் வீட்டில் உள்ள மிகப் பழைய புகைப்படம் எது? அதில் இருக்கும் அனைவருடைய பெயரும் உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலான வீடுகளில் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்: "நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தாத்தாவின் அப்பா, பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியவில்லை." அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பக்கத்தில் நிற்பவரை வீட்டில் எல்லாரும் அறிந்திருந்தார்கள். படம் அப்படியே இருக்கிறது. பெயர் மட்டும் போய்விட்டது.

இவ்வாறு பெயரை இழந்த படங்கள் உலகெங்கும் பழம்பொருள் கடைகளிலும், ஏலங்களிலும், எடைக்குப் போட்ட காகிதக் கட்டுகளிலும் கிடைக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்த்து, எங்கே, எப்போது, யாரால், யாரை எடுத்த படம் என்று துப்புத் துலக்குபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிலருக்கு இது பொழுதுபோக்கு; சிலருக்கு ஆராய்ச்சி. இப்படிப் பெயரைத் தேடிய முயற்சிகளில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று 1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது. அதை முதலில் காண்போம்.

இறந்தவர் கையில் ஒரு படம்

அடிமை முறையை ஒட்டி எழுந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது என்பதை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்போரின் மிகப் பெரிய சண்டைகளில் ஒன்று 1863-ஆம் ஆண்டு ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாட்களில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரில் நடந்தது. சண்டை ஓய்ந்தபின் ஊரின் ஒரு தெருவோரக் காலி மனையில் வடபகுதிப் படைவீரர் ஒருவர் இறந்து கிடந்தார். அவர் பெயரைச் சொல்லும் கடிதமோ சீட்டோ அவரிடம் இல்லை. அக்காலத்து வீரர்களுக்கு இன்றுபோல் எண் பொறித்த அடையாளத் தகடும் வழங்கப்படவில்லை. அவர் கையில் இருந்தது ஒரே ஒரு படம். அதில் மூன்று குழந்தைகள் இருந்தார்கள்.

கெட்டிஸ்பர்க் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 3,500 வடபகுதி வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் 979 பேர் பெயர் அறியப்படாதவர்கள். அந்தப் படம் கையில் இல்லாமல் இருந்தால் இவரும் அந்தக் கணக்கில் ஒருவராகச் சேர்ந்திருப்பார். அவருடைய குடும்பம் காலமெல்லாம் கடிதத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

படம் முதலில் ஊருக்குச் சில மைல் தொலைவில் விடுதி நடத்திய ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்வதற்காகக் கெட்டிஸ்பர்க்கை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஜான் பிரான்சிஸ் போர்ன்ஸ் என்னும் பிலடெல்பியா நகர மருத்துவர், வழியில் வண்டி பழுதானதால் அவ்விடுதியில் தங்க நேர்ந்தது. படத்தைக் கண்டார், அதன் கதையைக் கேட்டார். குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொல்லி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கண்ணாடியில் பதிந்த உருவம்

அந்தப் படம் காகிதத்தில் அச்சிட்டது அன்று; கண்ணாடித் தகட்டில் பதிந்த படம். இவ்வகைக்கு ஆம்புரோடைப் என்று பெயர். அது எப்படி உருவாயிற்று என்று பார்ப்போம்.

1851-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஒரு புதிய முறையை வெளியிட்டார். கொலோடியன் என்னும் பசை போன்ற திரவத்தில் அயோடைடு உப்பைக் கலந்து கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றிப் பரப்புவார்கள். அத்தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்தால் ஒளி பட்டால் மாறக்கூடிய வெள்ளி அயோடைடு உண்டாகும். தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். காய்ந்தால் பயன்படாது. எனவே வெளியூர் செல்லும் புகைப்படக்காரர் இருட்டறையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

இவ்வாறு எடுத்த தகட்டில் ஒளி பட்ட இடங்களில் வெள்ளி படிந்து சாம்பல் கலந்த வெண்மையாகத் தோன்றும். ஒளி படாத இடங்கள் தெளிந்த கண்ணாடியாகவே இருக்கும். இதன் பின்புறம் கறுப்புத் துணியையோ கறுப்பு வார்னிஷையோ வைத்தால் தெளிந்த இடங்கள் கறுப்பாகிவிடும். உடனே எதிர்மறைப் படம் நேர்ப்படமாகக் காட்சி தரும். எளிய தந்திரம் அல்லவா?

ஆனால் ஒரு குறை உண்டு. இந்தக் கண்ணாடித் தகடே படம். இதற்குத் தனியாக நெகட்டிவ் கிடையாது. இன்னொரு படி வேண்டுமானால் படத்தையே மறுபடியும் படம் எடுக்க வேண்டும். மருத்துவர் போர்ன்ஸ் அதைத்தான் செய்தார். குழந்தைகளின் படத்தைச் சிறு அட்டைப் படங்களாகப் பல படிகள் எடுக்கச் செய்தார்.

சொற்களால் தீட்டிய படம்

படிகள் தயார். அவற்றை யாரிடம் காட்டுவது? நாட்டில் இலட்சக்கணக்கான வீரர்கள் போருக்குச் சென்றிருந்தார்கள். செய்தித்தாளில் படத்தை வெளியிடலாமே என்று நீங்கள் எண்ணலாம். அக்காலத்தில் புகைப்படத்தைச் செய்தித்தாளில் நேரடியாக அச்சிட இயலாது. புகைப்படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரித்து எழுத்தோடு சேர்த்து அச்சிடும் முறையை நியூயார்க் டெய்லி கிராஃபிக் என்னும் நாளிதழ் கையாண்டது 1880-ஆம் ஆண்டில்தான்.

ஆகவே படத்தைச் சொற்களால் தீட்ட வேண்டியதாயிற்று. 1863 அக்டோபர் 19-ஆம் நாள் பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழ், "இவர் யாருடைய தந்தை?" என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு செய்தியை வெளியிட்டது. இரண்டு ஆண் குழந்தைகள், ஒரு பெண் குழந்தை. வயது ஏறக்குறைய ஒன்பது, ஏழு, ஐந்து. கடைக்குட்டிப் பையன் உயரமான நாற்காலியில் நடுவே அமர்ந்திருக்கிறான். இருபுறமும் அண்ணனும் அக்காவும். மூத்தவனின் மேற்சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை. இப்படிச் சென்றது அந்த வருணனை. மற்ற இதழ்களும் இதை எடுத்து வெளியிட வேண்டுமென்று அதில் கேட்டுக்கொள்ளப்பட்டது.

கடைசியாகச் சொன்ன அடையாளத்தைக் கவனியுங்கள். குழந்தைகளின் முகச்சாயலைச் சொற்களில் எவ்வளவு எழுதினாலும் அது ஆயிரம் குழந்தைகளுக்குப் பொருந்தும். ஒரே துணியில் அண்ணனுக்கும் தங்கைக்கும் உடை என்பதோ, அந்தத் துணியைக் கண்ட தாய்க்கு உடனே விளங்கும் செய்தி. செய்தியை எழுதியவர் படத்தை ஊன்றிப் பார்த்திருக்கிறார்.

அமெரிக்கன் பிரெஸ்பிடீரியன் என்ற சமய இதழும் அச்செய்தியை வெளியிட்டது. அவ்விதழின் படி ஒன்று நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூருக்கு வந்தது. அங்கே பிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்மணி தம் மூன்று குழந்தைகளுடன் வாழ்ந்துவந்தார். கெட்டிஸ்பர்க் சண்டைக்குப்பின் கணவரிடமிருந்து அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. குழந்தைகளின் படம் ஒன்றை அவர் சில மாதங்களுக்கு முன் போர்முனைக்கு அனுப்பியிருந்தார். செய்தியில் கண்ட வருணனை அதனோடு ஒத்திருந்தது. மருத்துவருக்குக் கடிதம் சென்றது. மறுதபாலில் படத்தின் படி வந்தது. நவம்பர் மாதத்தில் ஐயம் நீங்கியது. அவர்கள் பிராங்க், ஆலிஸ், பிரெட் என்னும் அவருடைய குழந்தைகளே. இறந்தவர் 154-ஆவது நியூயார்க் காலாட்படையைச் சேர்ந்த சார்ஜென்ட் அமோஸ் ஹியூமிஸ்டன். ஒரு காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். பின்னர் குதிரைச் சேணம் தைக்கும் தொழில் செய்தவர்.

தாம் விதவையானதை அப்பெண்மணி அறிந்தது ஒரு படத்தின் மூலமாக. எவ்வளவு துயரமான செய்தி! ஆயினும் தெரியாமலே காத்திருப்பது அதைவிடக் கொடிது. 1864 ஜனவரியில் மருத்துவர் போர்ன்ஸ் நேரில் போர்ட்வில்லுக்குச் சென்று மூலப் படத்தைக் குடும்பத்தினரிடம் ஒப்படைத்தார். படத்தின் படிகள் ஆயிரக்கணக்கானோர் உள்ளத்தைத் தொட்டன. அவற்றை விற்றுத் திரட்டிய பணமும் நன்கொடையும் சேர்ந்து 1866-இல் கெட்டிஸ்பர்க்கில் போர்வீரர் குழந்தைகளுக்கான ஓர் அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. பிலிண்டாவும் குழந்தைகளும் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். நல்லெண்ணத்தில் பிறந்த அந்த இல்லம் நல்லபடியாக முடியவில்லை. குழந்தைகள் அங்கே கொடுமைக்கு ஆளானது வெளிப்பட்டு, 1870-களின் இறுதியில் அது மூடப்பட்டது. கெட்டிஸ்பர்க்கில் அமோஸ் ஹியூமிஸ்டனுக்கு 1993-ஆம் ஆண்டு ஒரு நினைவுக்கல் நிறுவப்பட்டது. அதில் அவருடைய உருவத்தோடு அந்த மூன்று குழந்தைகளின் உருவங்களும் உள்ளன.

படத்தின் உடலே சாட்சி

இந்த நிகழ்ச்சி ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. படத்தில் இருப்பவர் யார் என்பதை எந்த இரசாயனமும் சொல்லாது. தெரிந்த ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எப்போது, எப்படி எடுத்த படம் என்பதை அந்தப் படத்தின் பொருளே சொல்லிவிடும். அதைக் கேட்டறியும் முறையைத் தெரிந்துகொண்டால், யாரிடம் போய் விசாரிப்பது என்பதும் விளங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, படம் எதன்மேல் பதிந்திருக்கிறது என்பது. கண்ணாடிபோல் முகம் தெரியும் பளபளப்பான தகடாக இருந்து, சற்றுச் சாய்த்தால் வெளிச்சமும் இருட்டும் இடம் மாறினால், அது டாகெரோடைப். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகடு. 1839-இல் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முறை இது. 1860-க்குள் பெரும்பாலும் வழக்கொழிந்தது. கண்ணாடித் தகடாக இருந்தால் ஆம்புரோடைப். பெரும்பாலும் 1850-களையும் 1860-களையும் சேர்ந்தது. மெல்லிய இரும்புத் தகடாக இருந்தால் டின்டைப். அமெரிக்காவில் 1856-இல் காப்புரிமை பெற்ற முறை. பெயரில் டின் இருந்தாலும் உள்ளே இருப்பது இரும்பு. ஆகவே ஒரு சிறு காந்தத்தைப் பின்புறமாக அருகே கொண்டுசென்றால் ஈர்ப்புத் தெரியும். செப்பும் கண்ணாடியும் காந்தத்துக்கு அசையா. பள்ளிக்கூடத்துக் காந்தமே இங்கே துப்பறியும் கருவியாகிறது!

காகிதப் படமாக இருந்தால்? 1850-இல் பிரெஞ்சுக்காரரான பிளான்கார் எவ்ரார் முட்டையின் வெண்கருவைப் பூசிய காகிதத்தில் அச்சிடும் முறையை வெளியிட்டார். இக்காகிதம் மிக மெல்லியது, சுருண்டுகொள்ளும். ஆகையால் கெட்டி அட்டையில் ஒட்டித்தான் தருவார்கள். பழுப்பு நிறமும், வெளிச்சப் பகுதிகளில் மஞ்சள் படர்வதும் இதன் அடையாளம். 1854-இல் டிஸ்டெரி என்ற பாரிஸ் புகைப்படக்காரர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கக் காப்புரிமை பெற்றார். படத்தின் விலை மளமளவென்று குறைந்தது. சுமார் 10 செ.மீ. உயரமும் 6 செ.மீ. அகலமும் உள்ள அந்தச் சிறு அட்டைப் படம் உலகெங்கும் பரவியது. 1860-களின் பிற்பாதியில், 16 செ.மீ. உயரத்துக்குச் சற்று மிகுந்த கேபினட் அட்டை வந்தது. நூற்றாண்டின் இறுதியில், வழவழப்பான ஜெலட்டின் காகிதம் வெண்கருக் காகிதத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய ஜெலட்டின் படத்தைச் சாய்த்துப் பார்த்தால், கறுத்த ஓரங்களில் நீல நிறமான ஒரு வெள்ளிப் பளபளப்புத் தெரிவதுண்டு.

அடுத்து, படத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்புறத்தைவிடப் பின்புறம் அதிகம் பேசும். ஸ்டுடியோவின் பெயரும் முகவரியும் அங்கே இருக்கலாம். அந்த ஸ்டுடியோ எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்பதைப் பழைய நகரக் கையேடுகளில் தேடிப் பார்த்தால் காலம் குறுகிவிடும். அமெரிக்கப் படங்களில் சிலவற்றின் பின்னால் வரிவில்லை ஒட்டியிருக்கும். போர்ச் செலவுக்காகப் புகைப்படங்களின் மேல் விதித்த வரி அது. 1864-இல் தொடங்கி 1866-இல் நீக்கப்பட்டது. ஆகவே வில்லை ஒட்டிய படம் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் விற்கப்பட்டதென்று உறுதியாகச் சொல்லிவிடலாம். தபால் அட்டையாக அச்சிட்ட படமா? பின்புறத்தை ஒரு கோட்டால் பிரித்து, ஒரு பாதியில் முகவரியும் மறுபாதியில் செய்தியும் எழுதும் வழக்கம் பிரிட்டனில் 1902-இலும் அமெரிக்காவில் 1907-இலும் அனுமதிக்கப்பட்டது. அந்தக் கோடு இருந்தால் படம் அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது.

உடையும் சாட்சி சொல்லும். ஆனால் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டும். இளைஞர் புது மோஸ்தர் உடுத்துவர். முதியவர் தம் இளமைக் காலத்து உடையையே உடுத்தியிருக்கலாம். ஆகவே ஓர் உடை வழக்குக்கு வந்த ஆண்டு, படம் அதற்கு முற்பட்டதன்று என்று மட்டுமே காட்டும். பின்னால் தொங்கும் தீட்டிய திரைச்சீலையையும் கவனியுங்கள். அதே திரை பெயர் தெரிந்த வேறொரு படத்தில் இருந்தால், இரண்டும் ஒரே ஸ்டுடியோவில் எடுத்தவை என்று கருத இடமுண்டு.

வலம் இடமான கதை

பொருளின் தன்மையை அறியாவிட்டால் வரலாறே பிறழக்கூடும். அமெரிக்காவில் பில்லி தி கிட் என்று பெயர் பெற்ற கொள்ளைக்காரன் ஒருவன் இருந்தான். 1881-இல் 21 வயதில் சுட்டுக்கொல்லப்பட்டான். 1880-ஐ ஒட்டி எடுத்த ஒரு டின்டைப் படத்தில் அவன் துப்பாக்கியோடு நிற்கிறான். கைத்துப்பாக்கியின் உறை இடது இடுப்பில் தெரிகிறது. ஆகவே அவன் இடக்கைக்காரன் என்று நெடுங்காலம் எல்லாரும் நம்பினார்கள். 1958-இல் அதே பொருளில் பெயர் சூட்டித் திரைப்படமும் எடுத்தார்கள்.

உண்மையை வெளிப்படுத்தியது அவன் ஊன்றியிருக்கும் நீண்ட துப்பாக்கி. அது 1873-ஆம் ஆண்டு மாதிரி வின்செஸ்டர். அவ்வகையில் தோட்டா போடும் வாய் எப்போதும் வலப்புறத்தில்தான் இருக்கும். படத்திலோ இடப்புறத்தில் காணப்படுகிறது. காரணம் என்ன? டின்டைப்பில் கேமராவுக்குள் விழும் உருவம் நேராகத் தகட்டிலேயே நின்றுவிடுகிறது. அதனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வலமும் இடமும் மாறிவிடும். நெகட்டிவ் வழியாக அச்சிடும்போது நேராகிவிடும் பிழை, இங்கே நேராவதில்லை. படத்தைத் திருப்பிப் போட்டால் உறை வலப்பக்கம் வந்துவிடுகிறது. 2011-ஆம் ஆண்டு இப்படம் ஏலத்தில் 23 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று.

பொய்யைக் காட்டிய ஒளி

பணம் புகுந்த இடத்தில் போலியும் புகும். லூயிஸ் ஹைன் என்பவர் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர், சிறுமியரைப் படமெடுத்து, குழந்தைத் தொழிலுக்கு எதிரான சட்டங்கள் வரத் துணை நின்ற புகைப்படக் கலைஞர். அவர் 1940-இல் காலமானார். அவரே அச்சிட்டுக் கையெழுத்திட்டவை என்ற பெயரில் பல படங்கள் உயர்ந்த விலைக்கு விற்பனையாயின. 1990-களின் இறுதியில் சேகரிப்பாளர்களுக்கு ஐயம் எழுந்தது. படங்களின் மேல் புறஊதாக் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள். சில படங்களின் காகிதம் நீல வெண்மையாக ஒளிர்ந்தது.

காகிதம் வெள்ளை வெளேரென்று தோன்ற ஒருவகை வெண்மையூட்டிகளைச் சேர்ப்பார்கள். சலவைத் தூளில் சேர்ப்பதும் இவ்வகைப் பொருளே. புறஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக வெளிவிடுவது இவற்றின் இயல்பு. புகைப்படக் காகிதத்தில் இவை இடம்பெறத் தொடங்கியது 1950-களில். பத்தாண்டுக்கும் மேலாக முன்பே இறந்துபோனவர், பின்னால் உற்பத்தியான காகிதத்தில் எப்படி அச்சிட்டிருக்க முடியும்? வழக்கு அதோடு தெளிந்துவிட்டது.

கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின்கீழ் இச்சோதனையை நீங்களும் சில நொடிகள் செய்து பார்க்கலாம். விளக்கை நேராக நோக்கக் கூடாது. ஒளிர்ந்தால் அக்காகிதம் 1950-க்கு முற்பட்டதன்று எனலாம். ஒளிராவிட்டால் பழையது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பிற்காலக் காகிதம் எல்லாவற்றிலும் அப்பொருள் இருந்ததில்லை.

செருப்புப் பெட்டியில் கல்கத்தா

நம் நாட்டைச் சேர்ந்த ஒரு கண்டெடுப்பையும் காண்போம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், பழஞ்சின்னங்களுக்கான அரசு ஆணையத்தின் ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய செருப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் 178 கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்தன. 2012-ஆம் ஆண்டு அச்செய்தி வெளியாயிற்று. அத்தனையும் இந்தியக் காட்சிகள். தகடுகளைச் சுற்றியிருந்தவை 1914-ஆம் ஆண்டின் ஸ்டேட்ஸ்மன் செய்தித்தாள்கள்.

அப்படியானால் படங்கள் 1914-இல் எடுத்தவையா? அவசரப்படக் கூடாது. செய்தித்தாள் சொல்வது தகடுகளைப் பொதிந்த காலத்தை. எடுத்த காலத்தை அன்று. படங்கள் சிலவற்றில் கல்கத்தாவின் கட்டடங்கள் இரவில் விளக்கு அலங்காரத்துடன் தோன்றுகின்றன. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசி மேரியும் அந்நகருக்கு வந்தது 1911 டிசம்பர் இறுதியில். 1912 ஜனவரியின் முதல் வாரம்வரை தங்கினார்கள். இவ்வாறு பொதிந்த காலம் ஒன்று, எடுத்த காலம் ஒன்று எனப் பிரித்தறிய முடிந்தது. யாராவது அந்தப் பழைய தாள்களைக் குப்பை என்று எறிந்திருந்தால் ஒரு சாட்சி அழிந்திருக்கும். ஆகவே பழைய படம் கிடைத்தால் உறை, கட்டியிருந்த கயிறு, பெட்டி, அடுக்கியிருந்த வரிசை அனைத்தையும் குறித்துக்கொண்ட பிறகே பிரிக்க வேண்டும்.

கணிப்பொறியின் துணை

இன்று முகங்களை ஒப்பிடும் வேலையைக் கணிப்பொறியும் செய்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் படங்களை அடையாளம் காண்பதற்கென்றே 2018-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரும் அவருடைய குழுவினரும் ஒரு மின்தளத்தைத் தொடங்கினார்கள். பெயர் தெரியாத படத்தைக் கொடுத்தால், பெயர் தெரிந்த படங்களுள் முகம் ஒத்தவற்றைப் பொறி எடுத்துத் தரும். அதோடு வேலை முடிந்துவிடாது. பொறி காட்டுவது ஒப்புமையை மட்டுமே. அண்ணன் தம்பி இருவரும் ஒரே சாயலில் இருப்பதில்லையா? சீருடையின் சின்னம், ஸ்டுடியோ இருந்த ஊர், அவ்வூர்ப் படையின் பதிவேடு ஆகியவற்றை ஒத்துப்பார்த்து, இவர்தானா என்று முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே. 1863-இல் ஒரு தாய் துணியைக் கண்டு சொன்ன சாட்சியத்துக்கு இன்றும் அதே மதிப்பு உண்டு.

நம் வீட்டுப் படங்கள்

தமிழகத்துக்குப் புகைப்படக் கலை மிக முன்னதாகவே வந்துவிட்டது. சென்னையில் 1856-லேயே புகைப்படச் சங்கம் தோன்றியது. லினியஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம்பிடித்தார். பின்னர் ஊர்தோறும் ஸ்டுடியோக்கள் எழுந்தன. நம் முன்னோர் புதுவேட்டியும் பட்டுச்சேலையும் உடுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, தீட்டிய திரைக்குமுன் அசையாமல் நின்ற படங்கள் அங்கேதான் பிறந்தன. அந்த ஸ்டுடியோக்களில் பல மூடப்பட்டுவிட்டன. கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் ஈரத்திலும் வெப்பத்திலும் கெட்டன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன், தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து மின்வடிவில் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆய்வாளர் வர இயலுமா? உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர் நீங்களே.

செய்ய வேண்டியவை சில. வீட்டில் உள்ள மிக மூத்தவரிடம் படங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். "இது யார்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்த ஊர், யாருடைய கல்யாணம், அந்தக் கடிகாரம் யாருடையது, இந்தச் சேலை எப்போது வாங்கியது என்று கேளுங்கள். பெயர் நினைவுக்கு வராதபோது துணியும் பொருளும் அதை இழுத்துக்கொண்டு வரும். சொன்னதைச் சொன்ன அன்றே எழுதுங்கள். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுவது நல்லது. வழவழப்பான காகிதமாக இருந்தால் உறையின் மேல் எழுதலாம். பேனா மை ஊறி முன்பக்கம் தெரியும். "அப்பா", "அத்தை" என்று எழுதாதீர்கள். யாருடைய அப்பா என்று ஐம்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? முழுப் பெயர், ஊர், ஆண்டு, சொன்னவர் யார் என்பதும் வேண்டும். உறுதியாகத் தெரியாததை உறுதிபோல் எழுதாமல் கேள்விக்குறி இடுங்கள்.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்க வேண்டாம். வண்ணப்பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். கிழிந்த படத்துக்குப் பசைநாடா ஒட்டக் கூடாது. பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடும் லேமினேஷனும் வேண்டாம். சமையலறைச் சுவரும், மழைநீர் ஊறும் பரணும் படத்துக்கு ஆகா. இராமபாணப் பூச்சிக்கு வெண்கருவும் ஜெலட்டினும் விருந்து. காற்றோட்டமுள்ள உலர்ந்த அலமாரியில், காகித உறைகளில், அவ்வப்போது பார்த்துவர வைத்திருங்கள்.

கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படமெடுக்கும் இக்காலத்துக்கும் இவை பொருந்தும். எடுத்த நாளையும் நேரத்தையும் கருவி தானே பதிந்துகொள்கிறது. ஆனால் நிற்பவர்கள் யார் என்று நாமே எழுதி வைத்தால்தான் உண்டு.

சென்ற தலைமுறையின் படங்களுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்று உங்கள் தெருவிலேயே, ஒருவேளை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறார்கள். வரும் விடுமுறையில் ஒரு பென்சிலோடு அவர்களிடம் போய் உட்காருங்கள்.